பூக்கடைக்கு வந்த வாட்டம்

பூ வாடுவதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். வாட வேண்டிய நாளில் வாடினால் செய்தியில்லைதான். ஆனால் நேற்றுக் காலை பெட்டியில் வந்து இறங்கி, வயிறு முட்டத் தண்ணீர் குடித்து, குளிர்ப்பெட்டிக்குள் மகாராணி மாதிரி நின்ற பூ, மறுநாள் கடையைத் திறக்கும்போது கண்ணைச் சொருகிக்கொண்டு தூங்கினால் அது செய்தி. அதுவும் ஹோட்டலுக்குப் போக வேண்டிய பூ என்றால், தலைப்புச் செய்தி.

அந்தக் கடைக்காரியைத் தெருவே பூக்கடை அக்கா என்றுதான் கூப்பிடும். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. நீளவாக்கில் ஒடுங்கிய கடை. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடிக் கதவு போட்ட குளிர்ப்பெட்டி. எதிர்ச் சுவரோரம் தண்ணீர் வாளிகள். நடுவில் ஒரு மேசை, அதன்மேல் கத்தி, ரிப்பன் சுருள்கள், எப்போதும் ஈரமாக இருக்கிற ஒரு துணி. விடிகாலையில் பூப்பெட்டி வரும். அக்கா ஒவ்வொரு காம்பையும் சாய்வாக வெட்டுவாள், அடி இலைகளை உருவுவாள், வாளியில் நிறுத்துவாள். பிறகு குளிர்ப்பெட்டி. அதன்பிறகு ஹோட்டல்.

அவளோடு கடையில் இருப்பவள் அவளுடைய நாத்தனார். அக்காவின் கணவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. நாத்தனார் மட்டும் வீட்டை விட்டும் போகவில்லை, கடையை விட்டும் போகவில்லை. யாராவது கேட்டால், "அண்ணன்தானே போனான், அண்ணி இங்கதானே இருக்காங்க?" என்பாள். பாசம் மலையளவு. வாயோ அதைவிட ஒரு முழம் உயரம்.

இப்போது வாடுகிற பூவுக்கு வருவோம். கார்னேஷன் என்று ஒரு பூ. இதழோரமெல்லாம் யாரோ பொறுமையாகக் கத்தரிக்கோலால் கொத்திவிட்டது போல இருக்கும். ஒரு ஜாடித் தண்ணீர் கொடுத்தால் போதும், நாள்கணக்கில் முகம் கோணாமல் நிற்கும். பூ வியாபாரத்தில் அதைப் போல ஒத்தாசையான பூ வேறு கிடையாது. அந்தப் பூதான் கொஞ்ச காலமாக இதழ்களை உள்பக்கமாகச் சுருட்டிக்கொண்டு, போர்வைக்குள் முடங்கியவள் மாதிரி தூங்க ஆரம்பித்திருந்தது. லில்லி மொட்டுகள் திறக்காமலே உதிர்ந்தன. ரோஜாக் காம்பின் இலை தொட்டால் கையோடு வந்தது.

ஒருநாள் காலை ஹோட்டல் மேனேஜர் நேரிலேயே வந்துவிட்டார். நல்ல மனிதர். ஆனால் முதலாளி என்ற வார்த்தையைச் சொல்லும்போதே கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொள்வார்.

"அக்கா, நேத்து நீங்க அனுப்பின பூ, சாப்பிட வந்தவங்களைப் பார்த்துக் கொட்டாவி விடுது. ஒருத்தர் என்னைக் கூப்பிட்டு, வீட்டுல ஏதும் கெட்டது நடந்துச்சா தம்பின்னு துக்கம் விசாரிச்சுட்டுப் போறாரு."

"தண்ணி மாத்தினீங்களா தம்பி?"

"தண்ணி மாத்தியாச்சு, ஜாடி மாத்தியாச்சு. மாத்தாம வெச்சிருக்கிறது பூக்கடையை மட்டும்தான்."

சொல்லிவிட்டு அவரே சங்கடப்பட்டுப் பைக்குள் கையை விட்டு ஒரு ரோஜாவை எடுத்தார். செக்கச்செவேல் என்று இருந்தது. இலையில் ஒரு பனித்துளிகூட ஒட்டவைத்திருந்தார்கள். பிளாஸ்டிக்.

"அடுத்த மாசம் முதலாளி வர்றாரு. அவர் உக்கார்ற மேசையில பூ தூங்கினா, மறுநாள்ல இருந்து நான் வீட்டுல தூங்க வேண்டியதுதான். அதுக்குள்ள இது சரியாகலைன்னா எல்லா மேசைக்கும் இதைத்தான் வாங்கணும். என்னைத் தப்பா நினைக்காதீங்க."

அவர் போனபிறகு நாத்தனார் அந்த ரோஜாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அண்ணி, அடியில என்ன எழுதியிருக்கு தெரியுமா? சோப்புத்தண்ணியில கழுவவும். பூவுக்குத் தலை குளிப்பாட்டணுமாம்!"

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. வழியில் போகிறவர்கள் பிறந்தநாளுக்கும் மன்னிப்புக்கும் வாங்குகிற ஒன்றிரண்டு கொத்துகளில் அந்தக் கடை ஓடாது. ஹோட்டல்தான் அதன் அடித்தூண். ஹோட்டல் கைவிட்டால் கடைக்கதவை இழுத்துப் பூட்டிவிட்டு, இரண்டு பெண்களும் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நாத்தனாரோடு நாள் முழுக்க வீட்டில் உட்காருவதை நினைத்தபோது அக்காவுக்கு இன்னும் கூடுதலாகப் பயம் வந்தது.

என்னதான் செய்யவில்லை அவள்? வாளிகளைத் தேய்த்துத் தேய்த்து அவற்றின் நிறமே வெளுத்துவிட்டது. புதுக் கத்தி வாங்கினாள். தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றினாள். கடைசியில் குளிர்ப்பெட்டி மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவர் பெட்டியின் முதுகைக் கழற்றி, காதை வைத்துக் கேட்டு, உள்ளே தலையை விட்டு மோப்பம் பிடித்து, மருத்துவர் மாதிரி தொண்டையைச் செருமினார்.

"பெட்டிக்கு ஒரு கேடும் இல்லக்கா. என் உடம்பைவிட நல்லா இருக்கு."

"அப்ப பூ ஏன் இப்படி ஆகுது?"

"பெட்டி கெட்டிருந்தா எல்லாப் பூவும்தானே போகணும்? அந்த ஜெர்பராப் பூவைப் பாருங்க, சிப்பாய் மாதிரி நிக்குது. ஆளைப் பார்த்து அடிக்கிற நோய் பெட்டியில இருந்து வராதுக்கா." பேசிக்கொண்டே அடித்தட்டிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்துத் துடைத்துக் கடித்தார். "பழம் பிரமாதம். எங்க வாங்கினது?"

அது வாங்கினதில்லை, வந்தது.

எதிர்வாடையில் புதிதாகப் பழக்கடை போட்டிருந்தார் ஒருவர். அறுபதை எட்டிப் பார்க்கிற வயது. மனைவியை இழந்தவர். மகள் தூரதேசத்தில். தன் பழங்களை ஊர்வலத்துக்கு நிறுத்துகிறவர் மாதிரி அடுக்கி வைப்பார். சாயங்காலம் ஆனால், இனி ஒருநாள் தாங்காது என்கிற அளவுக்குக் கனிந்த வாழைப்பழம், ஆப்பிள், பேரிக்காய் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்து வருவார்.

"ஏங்க, இதைச் சாப்பிடுங்க. முகமெல்லாம் வாடிக் கிடக்கு."

இரண்டு பெண்கள் எவ்வளவுதான் பழம் தின்பார்கள்? மிச்சத்தைக் குப்பையில் போட அக்காவுக்கு மனசு வராது. வேறு குளிர்ந்த இடமும் கடையில் இல்லை. பூப்பெட்டியின் அடித்தட்டில் வைத்துவிடுவாள். பூ வாட வாட அவள் முகம் வாடியது. முகம் வாட வாட அவருடைய பை கனத்தது. பாருங்கள், அன்பு எப்படியெல்லாம் வேலை செய்கிறது!

இந்த நிலையில் பழக்கடைக்காரர் தன் தங்கை வீட்டு விசேஷத்துக்கென்று கடையைச் சாத்திவிட்டு ஊருக்குப் போனார். அடித்தட்டில் கிடந்த மிச்சம் மீதியை நாத்தனார் தீர்த்துவைத்தாள். அதற்கடுத்த காலை கடையைத் திறந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். கார்னேஷன் அத்தனையும் விழித்திருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். மேனேஜர் தொலைபேசியில், "அக்கா, என்னக்கா மந்திரம் போட்டீங்க? எல்லாம் எழுந்து உக்காந்திருச்சு!" என்று பாடாத குறைதான்.

அக்காவின் நெஞ்சு லேசானது. பழக்கடைக்காரர் திரும்பி வந்தார். வந்த கையோடு, போன நாட்களுக்கும் சேர்த்துவைத்து ஒரு கூடை பழம் கொண்டுவந்து கொடுத்தார். கொஞ்ச நாளில் பூக்கள் பழையபடி போர்வைக்குள் போயின.

நாத்தனார் மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றினாள். "அண்ணி, எனக்குப் புரிஞ்சுபோச்சு."

"என்ன?"

"அந்த ஆள்தான்."

"எந்த ஆள்?"

"எதிர்க்கடை. அவர் இந்தத் தெருவுக்கு வந்தார், பூ வாட ஆரம்பிச்சுது. அவர் ஊருக்குப் போனார், பூ எழுந்துச்சு. திரும்பி வந்தார், படுத்துக்கிச்சு. இதுக்குமேல என்ன வேணும்?"

"சும்மா இரு. மனுஷன் மூச்சுக்காத்து பட்டா பூ வாடுமா?"

"வாடுதா வாடலையான்னு பார்த்துட்டாப் போச்சு. நாளைக்கு அவரை வெறுங்கையோட வரச்சொல்லி, பெட்டிமுன்னாடி நிக்கவைப்போம். இடையில வேற எதுவும் இருக்கக் கூடாது. ஆள் மட்டும்."

அக்கா எவ்வளவோ மறுத்தாள். ஆனால் முதலாளி வருகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது; மேசைமேல் அந்தப் பிளாஸ்டிக் ரோஜா வேறு வாடாமல் சிரித்துக்கொண்டிருந்தது. அடித்தட்டுப் பழத்தையெல்லாம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, புதிதாக வந்த பூக்களை அடுக்கி, நாத்தனார் எதிர்க்கடைக்குப் போய் அழைப்பு வைத்துவிட்டு வந்தாள்.

பழக்கடைக்காரர் துவைத்த சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தார். கையில் பை இல்லாததால் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முன்னால் கட்டினார், பின்னால் கட்டினார்.

"வெறுங்கையோட வரச்சொன்னாங்க. எதுக்குங்க?"

அக்கா நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார்தான் காப்பாற்றினாள். "நீங்க பூவையே சரியாப் பார்த்ததில்லையாமே. அண்ணி வருத்தப்பட்டாங்க. அதான், நல்லா நின்னு பாருங்க. கதவைத் திறந்தே வெச்சிருக்கேன். கிட்டப் போங்க. இன்னும் கிட்ட. மூச்சை அடக்காதீங்க, நல்லா விடுங்க."

அந்த மனுஷனும் குளிரில் மூக்கு சிவக்க நின்றார். ஒவ்வொரு பூவையும் முறைவைத்துப் பார்த்தார். அக்காவை ஒருதரம் பார்த்தார். மறுபடி பூவைப் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்குங்க," என்றார். எதைச் சொன்னார் என்று அக்கா கேட்கவில்லை.

"இந்தாங்க, போதும், வந்து உக்காருங்க. சளி பிடிச்சிரும்," என்றாள்.

அவர் தும்மிக்கொண்டே போனதும் நாத்தனார் இடுப்பில் கைவைத்தாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கலாமா? இந்தத் தெருவுல டெய்லர் உங்களுக்கு அண்ணன். மருந்துக்கடைக்காரர் அண்ணன். அந்தக் குளிர்ப்பெட்டிக்காரன் தம்பி. இவர் மட்டும் என்ன 'இந்தாங்க'?"

"அவர் வயசென்ன, முறையென்ன, எனக்கென்ன தெரியும்?"

"அவரும் தெருவுல எல்லாரையும் அம்மா, தங்கச்சிங்கறாரு. உங்களை மட்டும் 'ஏங்க.' கல்யாணமாகி முப்பது வருஷமான மாதிரி."

"காம்பு வெட்டு," என்றாள் அக்கா. சிவப்பில் அவள் முகம் எந்தக் கார்னேஷனுக்கும் சளைத்ததாக இல்லை.

மறுநாள் காலை இருவரும் கடைக்கதவைத் தூக்கினார்கள். பூக்கள் அத்தனையும் விழித்திருந்தன. ஒன்றுகூட இமை சொருகவில்லை.

"ஆள் குற்றவாளி இல்லை," என்று நாத்தனார் தீர்ப்புச் சொன்னாள். குரலில் கொஞ்சம் ஏமாற்றம்.

அக்கா மட்டும் அசையாமல் அடித்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலித் தட்டு. ஊருக்குப் போனபோது அவர் மட்டுமா போனார்? பையும்தானே போயிற்று? நேற்று அவர் வந்தார், பை வரவில்லை.

"ஆள் மட்டும் பார்த்தாச்சு," என்றாள் மெதுவாக. "இப்ப பழம் மட்டும் பார்ப்போம்."

மூடி போட்ட கண்ணாடிச் சாடிகள் இரண்டு கடையில் உண்டு. ரிப்பன் போட்டு வைக்கிறவை. ரிப்பனைக் கொட்டிவிட்டு, இரண்டிலும் சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, ஒரே கொத்திலிருந்து எடுத்த இரண்டு கார்னேஷனைக் குட்டையாக வெட்டி சாடிக்கு ஒன்றாக நிறுத்தினாள். ஒரு சாடிக்குள் கனிந்த ஆப்பிள் ஒன்றை வைத்தாள். இன்னொன்றில் ஒன்றுமில்லை. இரண்டையும் மூடி, மேசைமேல் அடுத்தடுத்து வைத்தாள். அன்று பூ வாங்க வந்தவர்களெல்லாம், ஆப்பிளோடு அடைபட்டிருந்த பூவைக் காட்டி, "இது புது மாதிரி அலங்காரமா, என்ன விலை?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் பார்த்தால், தனியாக இருந்த பூ சிரித்துக்கொண்டிருந்தது. ஆப்பிளோடு குடித்தனம் செய்த பூ சுருண்டு படுத்திருந்தது.

நாத்தனார் சாடியைக் கையில் எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஆப்பிள் பளபளவென்று, ஒரு பாவமும் அறியாத முகத்தோடு இருந்தது. "படுபாவி," என்றாள் அதனிடம். பிறகு திடீரென்று மூலையில் கிடந்த காலிப் பூப்பெட்டியை இழுத்துவந்து கவிழ்த்தாள். "அண்ணி! இதைப் பாருங்க!"

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஒட்டுப்படம். ஒரு ஆப்பிள், அதன்மேல் குறுக்கே சிவப்புக் கோடு. எத்தனையோ வருஷமாக ஒவ்வொரு பெட்டியிலும் வருகிற படம்தான். பெட்டிக்குள் ஆப்பிள் இல்லை, பூதான் இருக்கிறது என்று சொல்கிறார்கள்போல என்று அக்கா நினைத்திருந்தாள். வேலை நேரத்தில் தின்னக் கூடாது என்று பூத்தோட்ட முதலாளி கண்டிப்புக் காட்டுவதாக நாத்தனார் நினைத்திருந்தாள். அந்த முதலாளிமேல் அவளுக்குக் கோபம்கூட இருந்தது.

அன்று மாலை பழக்கடைக்காரர் வழக்கம்போலப் பையோடு தெருவைக் கடந்தார். அக்கா வாசலிலேயே அவரை நிறுத்தி, இரண்டு சாடிகளையும் காட்டி, நடந்ததைச் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் கை தானாகப் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனது.

"எனக்குத் தெரியுமே!" என்றார் தலையில் அடித்துக்கொண்டு. "பழம் மூச்சு விடும்ங்க. கனியக் கனிய அதுல இருந்து ஒரு காத்து வரும். கண்ணுக்குத் தெரியாது. எத்திலீன்னு பேரு. காய்க்கு நடுவுல ஒரு பழுத்த பழத்தைப் போட்டு மூடினா, அந்தக் காத்து பட்டே எல்லாம் பழுத்துரும். மண்டியில பெரிய அறையில காயை அடைச்சு, அந்தக் காத்தைத்தான் உள்ள விடுவாங்க. நாப்பது வருஷமா இதோடதான் பொழப்பு. ஆனா அது பூவையும் பழுக்கவைக்கும்னு எனக்கு ஏங்க தோணலை?"

"பூவுக்குப் பழுக்கிறதுன்னா, படுத்துக்கிறதுதான்போல," என்றாள் நாத்தனார்.

"வயசாகு வயசாகுன்னு காதுல ஓதுற மாதிரிங்க அது. காய் கேட்டா கனியும். பூ கேட்டா..." அவர் முகம் விழுந்துவிட்டது. "முகம் வாடிக் கிடக்குன்னு பழத்தைக் கொடுத்தேன். வாடவெச்சதே நான்தான். மன்னிச்சிருங்க."

அக்கா ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், பையைத் தலைகீழாகப் பிடித்தால் காற்று கொட்டிவிடும் என்பதுபோல அதன் வாயைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவைத் தாண்டிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அவர் வரவில்லை. வராததோடு நிற்கவில்லை. தன் கடையின் முன்பக்கம் ஒரு சாக்குப்படுதாவைக் கட்டித் தொங்கவிட்டார், காற்று இந்தப் பக்கம் வராமல் இருக்க. ஆப்பிள் அடுக்கை முதுகுப்பக்கம் மாற்றினார். பூக்கடை வழியாகப் போக நேர்ந்தால் எதிர் ஓரத்தில் சுவரை உரசிக்கொண்டு போனார்.

"நடக்கிற நடையைப் பாருங்க அண்ணி, அவரே எத்திலீன்னு நினைச்சுக்கிட்டாரு," என்றாள் நாத்தனார். அக்காவோ, சாயங்காலம் ஆனால் வாசலைப் பார்ப்பாள். பூக்களெல்லாம் விழித்திருந்த கடையில் அவள் ஒருத்திதான் சோர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

முதலாளி வருவதற்கு முதல்நாள், அந்தக் கடையிலிருந்து இதுவரை போகாத அளவுக்கு அழகான பூக்கள் ஹோட்டலுக்குப் போயின. மறுநாள் காலை தொலைபேசி அடித்தது.

"அக்கா." மேனேஜர் கிசுகிசுத்தார். "தூங்குது அக்கா. எல்லாம் தூங்குது. ரெண்டு மூணு நாளா இப்படித்தான், சரியாயிடும்னு பார்த்தேன். மத்தியானம் முதலாளி வர்றாரு. நான் பிளாஸ்டிக்குக்குச் சொல்லிட்டேன்."

"பிளாஸ்டிக்கைப் பெட்டியோட வெச்சிருங்க தம்பி, திறக்காதீங்க. இதோ வர்றேன்."

அக்கா ஓடினாள். கடையில் மிச்சமிருந்த கார்னேஷனையெல்லாம் வாரி இரண்டு வாளியில் போட்டுக்கொண்டு பின்னாலேயே நாத்தனார். கடையில் பழம் இல்லை. பூ நன்றாகத்தான் போயிருக்கிறது. அப்படியென்றால் இங்கே வந்தபிறகுதான் ஏதோ நடக்கிறது.

"ராத்திரி பூவை எங்க வைக்கிறீங்க?"

"பத்திரமா வைக்கிறோம்க்கா. சாப்பாட்டு நேரம் முடிஞ்சதும் ஒவ்வொரு ஜாடியா எடுத்துட்டுப் போயி, சமையல்கட்டுக்குப் பின்னாடி இருக்கிற குளிர் அறையில வெச்சு, கதவை இறுக்கிச் சாத்திருவோம்."

"அறையைக் காட்டுங்க."

சமையல் தலைவர் வழிமறித்தார். ஆள் கதவளவு அகலம். "என் குளிர் அறைக்குள்ள வெளியாள் வரக் கூடாது," என்றார். நாத்தனார் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். என்ன கண்டாரோ, நகர்ந்துகொண்டார்.

கதவு திறந்தது. உள்ளே நடுத்தட்டில் பூ வைக்கிற இடம். அதற்கு மேலேயும் கீழேயும் இருபுறமும் கூடை கூடையாக ஆப்பிளும் பேரிக்காயும். குப்பென்று இனிப்பு வாசனை. ஒவ்வொரு கூடையிலும் பழங்கள் ஊர்வலத்துக்கு நிற்கிற மாதிரி அடுக்கியிருந்தன. அந்த அடுக்கு யாருடையது என்று அக்காவுக்குக் கேட்காமலே தெரிந்தது.

"நீங்க சொன்னதுதானேக்கா," என்றார் மேனேஜர். "தங்கறவங்க அறையில ஆளுக்கொரு பழக்கூடை வைங்க, எங்க எதிர்க்கடைக்காரர் நல்ல பழமாத் தருவாருன்னு நீங்கதான் அவரைக் கைகாட்டினீங்க."

அக்கா குளிர் அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். புதிதாகக் கடை வைத்தவருக்கு ஒரு நல்ல வாடிக்கை கிடைக்கட்டுமே என்று, பேச்சோடு பேச்சாகச் சொன்னதுதான். அவர் அக்கறையில் இவள் கடைக்குள் பழம் வந்தது. இவள் அக்கறையில் ஹோட்டலுக்குள் பழம் வந்தது. மேனேஜர் அக்கறையில் பூவும் பழமும் ஒரே அறையில் பூட்டப்பட்டன. ஒருத்தராவது கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் பூ பிழைத்திருக்கும்!

"பூவையும் பழத்தையும் ஒரே அறையில வைக்காதீங்க தம்பி. பழத்தோட மூச்சு பூவுக்கு ஆகாது."

"பழம் மூச்சு விடுதா?" என்று சமையல் தலைவர் ஆப்பிளைச் சந்தேகமாகப் பார்த்தார். "இத்தனை நாளா நான் தனியா இருக்கேன்னு நினைச்சு இதுக்குள்ள பாடிட்டு இருந்தேனே!"

பழக்கூடைகள் பின்கட்டு அறைக்குப் போயின. அக்காவும் நாத்தனாரும் தரையில் உட்கார்ந்து, கொண்டுவந்த கார்னேஷனைச் சாய்வாக வெட்டி, ஜாடி ஜாடியாக நிறுத்தினார்கள். சமையல் தலைவர் தண்ணீர் மொண்டு கொடுத்தார். மேனேஜர் ஒவ்வொரு ஜாடியையும் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போனார். மத்தியானம் முதலாளியின் கார் வந்து நின்றபோது கடைசி ஜாடி மேசையேறியது.

அக்காவும் நாத்தனாரும் சமையல்கட்டுக் கதவின் வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். முதலாளி உட்கார்ந்தார். சாப்பாட்டைப் பார்க்கவில்லை, பூவைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்னய்யா, இவ்வளவு பளிச்சுனு இருக்கு? பிளாஸ்டிக்கா?"

மேனேஜர் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். முதலாளி ஒரு இதழை நகத்தால் கிள்ளினார். ஈரம் ஒட்டியது. "நிஜம்!" என்றார் சந்தோஷமாக. "பிளாஸ்டிக் பூ வைக்கிற இடத்துல எனக்குச் சாப்பாடே இறங்காதுய்யா. யாரு கொடுக்கிறது? விட்டுராத."

கதவுக்குப் பின்னால் நாத்தனார் அக்காவைக் கட்டிப் பிடித்த பிடியில் அவளுக்கு மூச்சு முட்டியது. மேனேஜர் வந்து, இனி கல்யாணக் கூடத்துக்கும் பூ வேண்டும் என்றார். பிரிக்காத பிளாஸ்டிக் பெட்டியைச் சமையல் தலைவர் தன் மாமியாருக்கு என்று எடுத்துக்கொண்டார்.

கடைக்குத் திரும்பியதும் அக்கா உட்காரவில்லை. வாளியில் ஒரு கார்னேஷன் மீந்திருந்தது. வெளிர்சிவப்பு. அதை ஒரு கண்ணாடிப் புட்டியில் நிறுத்தி, தண்ணீர் ஊற்றி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவைக் கடந்தாள். சாக்குப்படுதாவை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பழக்கடைக்காரர் துள்ளி எழுந்தார். "ஏங்க, இங்க ஏங்க வந்தீங்க? உடம்பெல்லாம் இந்தக் காத்து ஒட்டிக்குமே, கடைக்குப் போனா..."

"ஹோட்டல் கைவிடலை," என்றாள் அக்கா. நடந்ததையெல்லாம் சொன்னாள். முதலாளி கிள்ளிப் பார்த்ததைச் சொல்லும்போது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அவள் கையில் இருந்த புட்டியைப் பார்த்தார். அக்கா அதை ஆப்பிள் அடுக்குக்கும் வாழைப்பழச் சீப்புக்கும் நடுவில் இடம் பண்ணி வைத்தாள்.

"ஐயையோ, இங்க வேண்டாங்க! சுத்திலும் பழம். நாளைக்கே தூங்கிரும்."

"தூங்கட்டும்."

"பாவங்க, நல்ல பூ."

"நாளைக்கு வேற கொண்டாறேன்."

"அதுவும் தூங்குமே."

"அதுக்கு மறுநாள் இன்னொண்ணு. என்கிட்ட பூவுக்கா பஞ்சம்?"

அவர் பூவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கைகளை எங்கே வைப்பது என்று இந்தத் தடவையும் தெரியவில்லை. கடைசியில் உள்ளேயிருந்து ஒரு முக்காலியை எடுத்து, தோள்துண்டால் துடைத்து, போட்டார். அக்கா உட்கார்ந்தாள். அவர் ஒரு பேரிக்காயை எடுத்து நறுக்க ஆரம்பித்தார்.

எதிர்வாடையிலிருந்து நாத்தனாரின் குரல் தெருவையே நிறுத்தியது.

"அண்ணி! சாப்பிடுறதை அங்கயே சாப்பிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க! சீக்கிரம் வாங்க, அப்புறம் பழம் திங்க என் முறை!"